கணினி இயற்கணித மென்பொருள்: அறிவியல், பொறியியல் கணக்குகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் பொறியியல் படிப்பவர்களிடமிருந்தும், ஜூரோங், துவாஸ் பக்கம் வேலை பார்க்கும் பொறியாளர்களிடமிருந்தும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. எண்ணுக்குப் பதில் எழுத்துக் குறியீடுகளை வைத்தே கணக்கிட்டு, விடையைச் சூத்திரமாகத் தரும் கணினி இயற்கணித மென்பொருளை இங்கே சுருக்கமாக சிஏஎஸ் என்கிறோம். ஆணைகளின் பெயரை ஒலிப்புப்படி எழுதியிருக்கிறோம்.

கால்குலேட்டர், எக்செல், மேட்லேப் எல்லாம் இருக்கும்போது சிஏஎஸ் எதற்கு?

எண் மட்டும் போதுமென்றால் தேவையில்லை. சூத்திரம் வேண்டுமென்றால் தேவை. உத்தரத்தின் தொய்வு 9.68 மிமீ என்று எக்செல் சொல்லிவிடும். நீளத்தை ஒன்றரை மடங்காக்கினால் தொய்வு எத்தனை மடங்காகும், சுமையை எங்கே நகர்த்தினால் குறையும் என்பதை அந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. சூத்திரம் கையில் இருந்தால் ஒரு பார்வையில் தெரியும்.

எண்கள் ஒன்றையொன்று தின்றுவிடும் இடங்களிலும் சிஏஎஸ் கைகொடுக்கும். எக்ஸ்² − 100000000·எக்ஸ் + 1 = 0 என்ற இருபடிச் சமன்பாட்டின் சிறிய மூலம் ஏறத்தாழ 0.00000001. பள்ளியில் படித்த சூத்திரத்தை வழக்கமான 64 பிட் தசமத்தில் போட்டுப் பாருங்கள். 0.00000000745 என்று வரும், அதாவது 25 விழுக்காடு பிழை. ஏறக்குறைய சமமான இரண்டு பெரிய எண்களைக் கழிக்கும்போது பயனுள்ள இலக்கங்கள் காணாமல் போகின்றன. சிஏஎஸ் மூலத்தை √ குறியோடு அப்படியே வைத்திருக்கும். கடைசியில் 50 இலக்கத் துல்லியத்தில் எண்ணாக்கச் சொன்னால் சரியான விடையைத் தரும்.

இந்தத் துறை பிறந்ததே இப்படிப்பட்ட நெருக்கடியில்தான். துகள் இயற்பியலின் நீளமான இயற்கணிதத்தைக் கையால் செய்து மாளாது என்று இயற்பியலாளர் மார்ட்டினஸ் வெல்ட்மன் 1963-இல் ‘ஸ்கூன்ஸ்கிப்’ என்ற நிரலை எழுதினார். 1999-இல் இயற்பியல் நோபெல் பரிசு பெற்ற இருவரில் அவர் ஒருவர். அதற்கு முந்தைய கதை இன்னும் சுவையானது. 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வானியலாளர் சார்ல் டெலோனே சந்திரனின் பாதையைக் கையால் கணக்கிட ஏறத்தாழ 20 ஆண்டுகள் செலவிட்டார். 1970-இல் டெப்ரியும் அவருடைய சகாக்களும் அதே கணக்கைக் கணினியில் மணிக்கணக்கில் முடித்தார்கள், டெலோனேயின் புத்தகத்தில் சில பிழைகளையும் கண்டுபிடித்தார்கள். அவ்வளவு பெரிய கையெழுத்துக் கணக்கில் பிழை சிலவே என்பதுதான் வியப்பு.

எந்த மென்பொருளை எடுப்பது?

பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு அதன் சிம்பை தொகுப்பு. இலவசம், இணையத்திலேயே நிரல் ஓட்டும் கூகுள் கோலாபில் ஏற்கெனவே இருக்கிறது, எதையும் நிறுவ வேண்டாம். ஆனால் வேகம் குறைவு, கடினமான தொகையீடுகளில் திணறும். மேக்சிமாவும் இலவசமே. 1960களின் இறுதியில் எம்ஐடியில் தொடங்கிய அதன் முன்னோடியின் பெயரும் (Macsyma) ஏறக்குறைய இப்படியே ஒலிக்கும், குழம்ப வேண்டாம். இப்போதுள்ளது 1998-இல் திறந்த உரிமத்தில் வெளிவந்தது. டபிள்யூஎக்ஸ்மேக்சிமா என்ற முகப்போடு நிறுவினால் பொத்தான்களை வைத்தே பாதி வேலையை முடிக்கலாம்.

மேத்தமேட்டிகாவும் மேப்பிளும் காசு கொடுத்து வாங்குபவை. வகைக்கெழுச் சமன்பாடுகளிலும் சிறப்புச் சார்புகளிலும் அவற்றின் பலம் வேறு தரம். வாங்குவதற்கு முன் உங்கள் கல்வி நிலையத்திடமோ நிறுவனத்திடமோ உரிமம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். ராஸ்பெரி பை வைத்திருப்பவர்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு மேத்தமேட்டிகாவை இலவசமாகவே ஓட்டலாம், கொஞ்சம் மெதுவாக. மேட்லேப் பழகியவர்களுக்கு அதன் சிம்பாலிக் டூல்பாக்ஸ் போதும்.

நிறுவனத்தின் வடிவமைப்பு விவரங்களை இணையவழிச் சேவையில் தட்டுவதற்கு முன் மேலாளரைக் கேட்டுவிடுங்கள். கணினியிலேயே ஓடும் மென்பொருளில் அந்தச் சிக்கல் இல்லை.

தொடங்கும்போதே விடை தசமத்தில் அசிங்கமாக வருகிறது. என்ன தவறு?

நீங்கள் தசமத்தைக் கொடுத்திருப்பீர்கள். ஒரு தசமம் உள்ளே நுழைந்தாலும் கோவை முழுவதும் தோராயமாகிவிடும். சிம்பையில் 1/3 என்று தட்டினால், சிம்பை அதைப் பார்ப்பதற்கு முன்பே பைத்தான் அதை 0.333... ஆக்கிவிடும். ரேஷனல்(1, 3) என்று எழுதுங்கள்.

சிங்கப்பூர் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கோண அதிர்வெண்ணை 314.16 என்று போட்டு ஒரு சுற்றுக்கு, அதாவது 1/50 நொடிக்கு, சைன் சார்பைத் தொகையிட்டால் பூஜ்ஜியம் வராது. ஒரு சின்ன எச்சம் நிற்கும். அது அடுத்த கோவைக்குள் போய் ஒட்டிக்கொண்டு, சுருங்க வேண்டிய உறுப்புகளைச் சுருங்கவிடாமல் தடுக்கும். 100·பை என்று கொடுங்கள், எச்சமில்லாத பூஜ்ஜியம் வரும். அளவுகளைக் குறியீடாகவே வைத்துக் கடைசி வரியில் மட்டும் எண்ணைப் போடுவது நல்ல பழக்கம்.

அடுக்குக்குறியிலும் ஒரு பொறி இருக்கிறது. பைத்தானில் அடுக்கு என்பது ** மட்டுமே. 2^3 என்று தட்டினால் 8 வராது, 1 வரும். அது பிட்டுகளை ஒப்பிடும் வேறு செயல். மேத்தமேட்டிகா, மேப்பிள், மேக்சிமா மூன்றிலும் ^ சரியான அடுக்குக்குறிதான்.

உத்தரக் கணக்கில் கலப்பெண் வருகிறது. உத்தரத்தில் கற்பனை எண்ணுக்கு என்ன வேலை?

எந்த வேலையும் இல்லை. யங் குணகத்துக்குப் பெரிய ஈ, குறுக்குவெட்டின் இரண்டாம் திருப்புமைக்குப் பெரிய ஐ என்று பாடநூலில் உள்ளபடியே எழுதியிருப்பீர்கள். சிம்பையிலும் மேத்தமேட்டிகாவிலும் பெரிய ஈ என்பது 2.718..., பெரிய ஐ என்பது √−1. இரண்டையும் பெருக்கினால் உத்தரத்தின் விறைப்பு கற்பனையாகிவிடும். சிம்பையில் எழுத்துச் சரமாகக் கொடுத்ததை சிம்பிஃபை ஆணையால் கோவையாக்கும்போது இது சத்தமில்லாமல் நடக்கும்.

விறைப்பை ஒரே குறியீடாக வையுங்கள். ‘விறைப்பு’ என்பதற்கு ஏதேனும் ஒரு சிறிய பெயர் போதும், கோவையும் சுருங்கும். பெரிய என், எஸ், ஓ, க்யூ எழுத்துகளும் சிம்பையில் ஏற்கெனவே எடுக்கப்பட்டவை. லேம்டா பைத்தானின் சொந்தச் சொல், அதனால் அலைநீளத்துக்கு லேம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேப்பிளில் காமா என்பது ஆய்லரின் மாறிலி. வெப்பவியல்காரர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் அது.

√(எக்ஸ்²) ஏன் எக்ஸ் ஆகவில்லை? சிம்ப்ளிஃபை கொடுத்தும் அசையவில்லையே?

எக்ஸ் −3 ஆக இருந்தால் √9 என்பது 3, −3 அல்ல. மென்பொருள் செய்வது சரிதான். எக்ஸ் என்பது நீளமா, நிறையா, மின்தடையா என்று அதற்குத் தெரியாது. நீங்கள் சொல்லாதவரை ஒவ்வொரு குறியீடும் எந்தக் கலப்பெண்ணாகவும் இருக்கலாம் என்றே அது எண்ணும். பொறியியலில் சிஏஎஸ்ஸோடு வரும் தகராறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன.

சிம்பையில் குறியீட்டை உருவாக்கும்போதே பாசிட்டிவ்=ட்ரூ என்று கொடுங்கள். மேக்சிமாவில் அசூம், மேப்பிளில் அசூமிங், மேத்தமேட்டிகாவில் அசம்ப்ஷன்ஸ். மேக்சிமா சில நேரம் நடுவில் நிறுத்தி, “ஏ நேரெண்ணா, எதிரெண்ணா, பூஜ்ஜியமா?” என்று கேட்கும். எரிச்சலாக இருக்கும். ஆனால் அது கேட்கும் கேள்வியே உங்கள் கணக்கு எங்கே கிளை பிரிகிறது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. யோசிக்காமல் பதில் தட்ட வேண்டாம்.

சிம்பையில் இன்னொரு வலை: நேரெண் என்று அறிவித்த எக்ஸும் அறிவிக்காத எக்ஸும் இரண்டு வெவ்வேறு குறியீடுகள். திரையில் ஒரே மாதிரி தெரியும். எக்ஸ் − எக்ஸ் என்று அச்சாகி, பூஜ்ஜியமாகாமல் நிற்கும். நோட்புக்கின் மேற்கட்டத்தை மாற்றிவிட்டுக் கீழ்க்கட்டங்களை மறுபடி ஓட்டாமல் விட்டால் இதுதான் கதி. கர்னலை, அதாவது நோட்புக்கின் பின்னால் ஓடும் பைத்தானை, மறுதொடக்கம் செய்து எல்லாவற்றையும் மேலிருந்து ஓட்டுங்கள்.

பொது விடை சரியாக இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட மதிப்பைப் போட்டால் மட்டும் ‘நேன்’ என்கிறது. ஏன்?

சிஏஎஸ் தருவது பெரும்பாலான மதிப்புகளுக்குப் பொருந்தும் விடை. விதிவிலக்கான மதிப்புகளை அது எச்சரிக்காமலே விட்டுவிடும்.

மின்தடை (ஆர்), மின்தூண்டி (எல்), மின்தேக்கி (சி) மூன்றும் வரிசையாக இணைந்த தொடர் ஆர்எல்சி சுற்றை எடுங்கள். எல் = 10 மில்லிஹென்றி, சி = 100 மைக்ரோஃபாரட். 24 வோல்ட் நேர்மின்னழுத்தத்தைத் திடீரென இணைக்கிறோம், தொடக்கத்தில் மின்னோட்டமும் இல்லை, மின்தேக்கியில் மின்னூட்டமும் இல்லை. வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்கும் டிசால்வ் ஆணை தரும் விடை இரண்டு அடுக்குக்குறிச் சார்புகளின் வித்தியாசம். கீழே பகுதியில் √(ஆர்² − 4·எல்/சி) நிற்கும். ஆர் 30 ஓம் என்றால் சிக்கலே இல்லை. 20 ஓம் போடுங்கள். 2·√(எல்/சி) சரியாக 20 ஓம்தான். பகுதி பூஜ்ஜியம், தொகுதியும் பூஜ்ஜியம், திரையில் நேன், அதாவது ‘எண் அல்ல’.

ஆனால் 20 ஓமில் சுற்று பழுதாவதில்லை. அதுதான் மாறுநிலைத் தணிப்பு, வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் தேடுவதே அந்த மதிப்பைத்தான். சமன்பாட்டில் முதலில் 20-ஐப் போட்டு, பிறகு டிசால்வ் கொடுங்கள். இல்லையெனில் பொது விடைக்கு லிமிட் எடுங்கள். இரண்டு வழியிலும் மின்னோட்டம் = 2400 × நேரம் × எக்ஸ்ப்(−1000 × நேரம்) என்று வரும். உச்சம் 1 மில்லிநொடியில், 0.883 ஆம்பியர்.

20 ஓமுக்கு மிக அருகில், உதாரணமாக 20.0000001 ஓமில், நேன் வராது. ஆனால் விடையின் கடைசிச் சில இலக்கங்களை நம்ப முடியாது. இருபடிச் சமன்பாட்டில் பார்த்த அதே கழித்தல் சிக்கல்தான். அந்த இடத்தில் இலக்கத் துல்லியத்தைக் கூட்டுங்கள், அல்லது மாறுநிலையைச் சுற்றி டெய்லர் தொடராக விரியுங்கள்.

ஆர் 20-க்குக் கீழே போனால் விடையில் √−1 தலைகாட்டும். உண்மையில் அது ரத்தாகிவிடும், மென்பொருள்தான் ரத்தாக்கிக் காட்டாது. தணிந்த அலைவின் கோண அதிர்வெண்ணை நேரெண்ணாக ஒரு புதுக் குறியீட்டில் அறிவித்து, அதைச் சமன்பாட்டில் முதலிலேயே நுழைத்துவிடுங்கள். விடை சைன், கொசைனில் சுத்தமாக வரும். விடை வந்த பிறகு ரீரைட் கொடுத்துப் போராடுவதைவிட இது எளிது.

சால்வ் நான்கு விடை தருகிறது. எதை எடுப்பது?

சமன்பாடு செல்லுபடியாகும் எல்லைக்குள் இருப்பதை. அந்த எல்லையை மென்பொருளுக்கு நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

6 மீட்டர் உத்தரம், இரு முனையிலும் எளிய தாங்கல். இடது முனையிலிருந்து 4 மீட்டரில் 10 கிலோநியூட்டன் சுமை. தொய்வு எங்கே அதிகம்? சுமைக்கு இடப்பக்கம் ஒரு கோவை, வலப்பக்கம் இன்னொரு கோவை. இரண்டின் சாய்வையும் பூஜ்ஜியமாக்கச் சொன்னால் ஒவ்வொன்றும் இரண்டு மூலம் தரும். இடப்பக்கக் கோவைக்கு ±√((36 − 4)/3), அதாவது ±3.27 மீட்டர். −3.27 உத்தரத்துக்கு வெளியே. வலப்பக்கக் கோவைக்கு வலது முனையிலிருந்து ±√((36 − 16)/3), அதாவது ±2.58 மீட்டர். ஆனால் அந்தக் கோவை வலது முனையிலிருந்து 2 மீட்டருக்குள் மட்டுமே செல்லும். எனவே அதன் இரண்டு மூலமும் குப்பை. மிஞ்சுவது இடது முனையிலிருந்து 3.27 மீட்டர்.

விறைப்பு 4 மெகாநியூட்டன் சதுரமீட்டர் என்றால் அங்கே தொய்வு 9.68 மிமீ. நட்டநடுவில் 9.58 மிமீ. வித்தியாசம் ஒரு விழுக்காடு. நடுவிலேயே அளந்துவிட்டுப் போகும் பழைய வழக்கம் அவ்வளவு தவறில்லை என்பதும் சூத்திரத்தில் தெரிந்துவிடுகிறது.

பல சுமைகள் என்றால் துண்டு துண்டாகக் கோவை எழுத வேண்டாம். சிம்பையின் பீம் தொகுதி மெக்காலே அடைப்புக்குறி முறையில் சுமைகளை வாங்கிக்கொண்டு, வெட்டுவிசை, வளைவுத் திருப்புமை, தொய்வு மூன்றையும் தரும்.

விடை கணிதப்படி சரி, இயற்பியல்படி அபத்தம். இப்படியும் நடக்குமா?

நன்றாகவே நடக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கட்டடத்தின் மொட்டைமாடித் தொட்டி ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். அடிப்பரப்பு 4 சதுர மீட்டர், நீர் மட்டம் 2 மீட்டர், அடியில் 50 மிமீ விட்டமுள்ள துளை, வெளியேற்றக் குணகம் 0.6. மட்டம் குறையும் வேகம் மட்டத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். டிசால்வ் நேரத்தில் இருபடியாக ஒரு விடை தரும். சுமார் 2168 நொடியில், அதாவது 36 நிமிடத்தில், தொட்டி காலி. நியாயமான எண்.

அதே சூத்திரத்தில் 72 நிமிடத்தைப் போடுங்கள். மட்டம் மறுபடி 2 மீட்டர்! தொட்டி தானாக நிரம்பிவிட்டது. இருபடிச் சார்பு அடிப்புள்ளியைத் தொட்டு மேலே ஏறுகிறது, அதற்குத் தண்ணீர் தீர்ந்தது தெரியாது. பீஸ்வைஸ் ஆணையால் காலியான நேரத்துக்குப் பிறகு பூஜ்ஜியம் என்று நீங்கள்தான் கட்ட வேண்டும். இந்தச் சூத்திரத்தை அப்படியே பம்புக் கட்டுப்பாட்டு நிரலில் ஒட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தொகையீட்டில்கூட ஏமாற்றுமா?

1/(2 + கொசைன் எக்ஸ்) சார்பை 0 முதல் 2·பை வரை தொகையிட வேண்டும். சார்பு எங்கும் நேரெண், எனவே விடை பூஜ்ஜியமாக வாய்ப்பே இல்லை. வரம்பில்லாத தொகையீடாகக் கேட்டால் பல மென்பொருள்களில் டேன்(எக்ஸ்/2) உள்ளே இருக்கும் ஒரு ஆர்க்டேன் கோவை வரும். அதில் இரு முனைகளையும் போட்டுக் கழித்தால் பூஜ்ஜியம். சரியான விடை 2·பை/√3, அதாவது 3.6276.

அந்த ஆர்க்டேன் கோவை எக்ஸ் = பையில் சட்டென்று குதிக்கிறது. வகையிட்டால் சரியாகவே இருக்கும், இடையில் தொடர்ச்சி மட்டும் அறுந்திருக்கும். வரம்புகளையும் சேர்த்துக் கொடுத்தால் நல்ல மென்பொருள் குதிப்பைக் கவனித்துக்கொள்ளும். கோவையை மட்டும் வாங்கி நீங்களே எண்ணைப் போட்டால் கவனிக்க ஆளில்லை. வரையறுத்த தொகையீடு எதுவானாலும், எண்முறைத் தொகையீட்டால் ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள், பத்து நொடி வேலை.

கேள்வியையே திருப்பி அச்சிடுகிறது. மென்பொருள் தோற்றுவிட்டதா?

பல நேரம் அடைவடிவ விடையே, அதாவது சூத்திரமாக எழுதக்கூடிய விடையே, கிடையாது. எக்ஸ்⁵ − எக்ஸ் − 1 = 0 என்பதன் மூலங்களை √ குறிகளால் எழுதவே முடியாது, எந்த மென்பொருளாலும். சிம்பை ‘இந்தப் பல்லுறுப்புக் கோவையின் முதல் மூலம்’ என்ற பொருளில் ஒரு பொருளைத் தரும். அதுவும் துல்லியமான விடைதான். எண்ணாக்கினால் 1.1673.

ஒரு முனை பதித்த உத்தரத்தின் அதிர்வெண்களுக்கு வரும் சமன்பாடு: கொசைன் எக்ஸ் × கோஷ் எக்ஸ் = −1 (கோஷ் என்பது அதிபரவளையக் கொசைன்). இதற்கு சால்வ் வீண். எண்முறையில் தீர்க்கும் என்சால்வ் கொடுத்துத் தொடக்க மதிப்பு சொல்லுங்கள். மூலங்கள் 1.8751, 4.6941, 7.8548 என்று போகும். கோஷ் வேகமாக வளர்வதால் உயர் மூலங்களில் முறை தடுமாறும். சமன்பாடு முழுவதையும் கோஷால் வகுத்து, கொசைன் எக்ஸ் + 1/கோஷ் எக்ஸ் = 0 என்று மாற்றினால் அமைதியாகிவிடும். தொடக்க மதிப்புக்கு பை/2-இன் ஒற்றைப்படை மடங்குகள் போதும். மூன்றாம் மூலத்துக்கு 5·பை/2 = 7.8540, விடையை ஏறக்குறைய தொட்டே நிற்கிறது.

விடை மூன்று பக்கம் நீள்கிறது, அல்லது கணினி உறைந்துபோகிறது. என்ன செய்வது?

எல்லாவற்றையும் குறியீடாக வைத்த 6×6 அணியின் அணிக்கோவையில் 720 உறுப்புகள். 10×10 என்றால் 36,28,800. ரோபோக் கையின் இயக்கச் சமன்பாடுகளை எழுதுபவர்கள் இதைத்தான் சந்திக்கிறார்கள்.

நேர்மாறு அணியைக் குறியீட்டில் எடுக்கவே எடுக்காதீர்கள். அணியைக் குறியீட்டில் வைத்து, நேரியல் தொகுதியை எண்ணில் தீர்த்துக்கொள்ளுங்கள். மாறாத அளவுகளுக்கு உடனே எண் போட்டுவிடுங்கள், பின்னமாக. ஒவ்வொரு மூட்டின் சைன், கொசைனையும் தனித்தனிக் குறியீடுகளாக்கி, சைன்² + கொசைன்² = 1 என்பதைப் பக்க நிபந்தனையாக வையுங்கள். பரிமாணமற்ற வடிவுக்கு மாற்றுவதும் பெரிய உதவி. ஏழு அளவுகள் மூன்றோ நான்கோ விகிதங்களாகச் சுருங்கும். சிம்ப்ளிஃபை ஆணையைப் பெரிய கோவையில் விடாதீர்கள், அது பல உத்திகளை ஒவ்வொன்றாக முயன்று பார்த்து நேரத்தை விழுங்கும். எது தேவையென்று தெரிந்து ஃபேக்டர், கலெக்ட், ட்ரிக்சிம்ப், கேன்சல் என்று குறிப்பாகக் கேளுங்கள்.

வேதிப் பொறியியலில் உடனே பயன்படும் ஓர் உதாரணம்?

வான் டெர் வால்ஸ் சமன்பாட்டின் மாறுநிலைப் புள்ளி. அழுத்தத்தைக் கன அளவால் ஒருமுறையும் இருமுறையும் வகையிட்டு இரண்டையும் பூஜ்ஜியமாக்குங்கள். பகுதிகளைப் பெருக்கி நீக்கிப் பல்லுறுப்புக் கோவையாக்கிய பிறகு சால்வ் கொடுங்கள். பகுதிகளை நீக்கும்போது போலி மூலங்கள் நுழையலாம், பகுதியைப் பூஜ்ஜியமாக்குபவற்றைத் தள்ளிவிடுங்கள். மாறுநிலைக் கன அளவு 3·பி, வெப்பநிலை 8·ஏ/(27·ஆர்·பி), அழுத்தம் ஏ/(27·பி²). இங்கே ஏ, பி அந்தந்த வாயுவுக்கு உரிய மாறிலிகள், ஆர் வாயு மாறிலி. மூன்றையும் சேர்த்தால் அமுக்கக் காரணி, அதாவது அழுத்தம் × கன அளவு ÷ (ஆர் × வெப்பநிலை), எல்லா வாயுவுக்கும் 3/8, அதாவது 0.375.

கரியமில வாயுவுக்கு உண்மை மதிப்பு 0.274, நீருக்கு 0.229. இயற்கணிதத்தில் பிழையே இல்லை, மாதிரிதான் கரடுமுரடானது. ஜூரோங் தீவின் ஆலைக் கணக்குக்கு இதை நம்பிவிட முடியாது. பெங்–ராபின்சன் போன்ற சமன்பாட்டுக்கும் இதே படிகள்தான், கோவை மட்டும் கொஞ்சம் தடிக்கும்.

கிடைத்த சூத்திரத்தை நிரலுக்குள் கொண்டுபோவது எப்படி?

கையால் நகலெடுக்காதீர்கள். சி மொழியில் 1/2 என்று தட்டினால் முழுவெண் வகுத்தல், விடை 0. சிம்பையின் சிகோட் அதை 1.0/2.0 என்று எழுதிக்கொடுக்கும். மேப்பிளில் கோட்ஜெனரேஷன் இருக்கிறது, மேக்சிமா ஃபோர்ட்ரானாகவே தரும்.

பைத்தானுக்குள்ளேயே ஆயிரக்கணக்கான புள்ளிகளில் மதிப்பு வேண்டுமென்றால் சப்ஸ் ஆணையைச் சுழலில் வைக்க வேண்டாம், ஆமை வேகம். லேம்டிஃபை கொடுத்தால் சூத்திரம், பைத்தானின் வேகமான எண் கணக்குத் தொகுப்பான நம்பையின் சார்பாகிவிடும். நீண்ட கோவைகளுக்கு முன்னதாக சிஎஸ்இ ஓட்டுங்கள். திரும்பத் திரும்ப வரும் துணைக்கோவைகளை அது ஒருமுறை மட்டும் கணக்கிட வைக்கும்.

கடையில் வாங்கும் பாகங்கள் குறித்த மதிப்பில் இருப்பதில்லையே. அதற்கும் உதவுமா?

அதற்கென்றே செய்தது போல. சிம் லிம் டவரில் வாங்கும் மின்பகுளி மின்தேக்கியில் ±20 விழுக்காடு வேறுபாடு சாதாரணம். ஒத்ததிர்வு அதிர்வெண்ணை மின்தேக்குதிறனால் வகையிட்டு விகிதமாக்கினால் −1/2 வரும், அதாவது 20 விழுக்காட்டுக்கு 10 விழுக்காடு. முன்பு சொன்ன சுற்றின் ஒத்ததிர்வு 159 ஹெர்ட்ஸ். முழுச் சூத்திரத்தில் போட்டால் மின்தேக்கி கூடும்போது 8.7 விழுக்காடு இறங்கும், குறையும்போது 11.8 விழுக்காடு ஏறும். வகைக்கெழுக் கணக்கு சிறு மாற்றத்துக்கே பொருந்தும் என்பதால் இந்த வித்தியாசம்.

தேர்வில் அனுமதி உண்டா?

ஏ நிலை எச்2 கணிதத்தில் இல்லை. அங்கீகரிக்கப்பட்ட வரைபடக் கால்குலேட்டர் உண்டு, ஆனால் சிஏஎஸ் இல்லாதது என்று பாடத்திட்டமே சொல்கிறது. இணையத்தில் பழைய கால்குலேட்டர் வாங்கித் தரும் பெற்றோர் மாடலைப் பார்த்து வாங்குங்கள். ஒரே வரிசையில் சிஏஎஸ் உள்ளதும் இல்லாததும் ஒரே தோற்றத்தில் விற்கப்படுகின்றன. பல்கலைக்கழகத்தில் பாடத்துக்குப் பாடம் விதி மாறும்.

செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலியிடம் கேட்டால் போதாதா?

கணக்கை எப்படி அமைப்பது என்று கேளுங்கள், நிரலை எழுதித் தரச் சொல்லுங்கள். இயற்கணித வரிகளை மட்டும் அதன் வாய்வார்த்தையில் ஏற்காதீர்கள். நடுவில் ஒரு குறி மாறியிருந்தாலும் அதே நம்பிக்கையோடு எழுதிக்கொண்டு போகும். அது தரும் ஒவ்வொரு வரியையும் சிஏஎஸ்ஸில் ஓட்டிப் பாருங்கள்.

அறிக்கையில் சேர்ப்பதற்கு முன் விடையை எப்படிச் சோதிப்பது?

விடையை மூலச் சமன்பாட்டில் திருப்பிப் போடுங்கள், தொடக்க நிபந்தனைகளிலும். பிறகு அலகு. விறைப்பு பகுதியில் இருக்க வேண்டிய இடத்தில் தொகுதியில் இருந்தால் அலகு காட்டிக்கொடுக்கும். அடுத்து எல்லைநிலைகள்: சுமையை முனைக்கு நகர்த்தினால் தொய்வு பூஜ்ஜியமாகிறதா, மின்தடையைக் கூட்டினால் மின்னோட்டம் குறைகிறதா. கடைசியாக, அழகில்லாத எண்களைப் போட்டு எண்முறையால் ஒப்பிடுங்கள். 0, 1, 2 போன்ற எண்கள் பிழையை மறைத்துவிடும், 0.73, 2.19 மாதிரி எடுங்கள்.

பாடநூல் விடையும் உங்கள் விடையும் வேறு தோற்றத்தில் இருந்தால் கண்ணால் ஒப்பிடாதீர்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துச் சுருக்கச் சொல்லுங்கள். பூஜ்ஜியம் வந்தால் இரண்டும் ஒன்றே. வராவிட்டால் வேறு என்று உடனே முடிவுகட்டவும் முடியாது. சைன், அடுக்குக்குறி, மட்டு போன்றவை கலந்த கோவை பூஜ்ஜியமா என்பதை எல்லா நேரத்திலும் தீர்மானிக்கும் முறை இருக்கவே முடியாது என்று கணிதவியலாளர் ரிச்சர்ட்சன் 1968-இல் நிறுவிவிட்டார். அப்போது வித்தியாசத்தில் நாலைந்து எண்களைப் போட்டு 50 இலக்கத்தில் பாருங்கள்.

அறிக்கையில் மென்பொருளின் பெயரோடு பதிப்பு எண்ணையும் எழுதுங்கள், ஏனென்றால் அடுத்த பதிப்பில் அதே ஆணை வேறு வடிவத்தில் விடை தரலாம். எந்தக் குறியீட்டை நேரெண் என்று அறிவித்தீர்கள், எந்த எல்லைக்குள் சூத்திரம் செல்லும், எந்த மதிப்பைத் தனியாகக் கையாண்டீர்கள் என்பதையும் சூத்திரத்துக்கு அடியிலேயே குறித்துவிடுங்கள். பிற்சேர்க்கையில் போட்டால் சூத்திரத்தை எடுத்துப் பயன்படுத்துபவர் அதுவரை புரட்டமாட்டார்.